வேட்டைத் தடையும் வன நுழைவுரிமையும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிறு குன்றுகளை அடுத்து அமைந்த ஊர் வெதுருகுப்பம். தெலுங்கில் ‘வெதுரு’ என்பது மூங்கிலைக் குறிக்கும். ‘குப்பம்’ தமிழர் நன்கறிந்த சொல். இரு மொழிகளும் கலந்து வழங்கும் இப்பகுதியில் நிலக்கடலையும் கரும்பும் மாவும் முக்கியப் பயிர்களாகும். குன்றுகளில் காப்புக் காடுகளும், அவற்றின் அடிவாரத்தில் ஏரிப் பாசன நிலங்களும் மானாவாரி வயல்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. காடு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பதை வரைபடம் காட்டும். காட்டுப் பன்றி அதனை அறியாது.

இத்தகைய காட்டோரக் கிராமங்கள் நம் நாட்டில் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் இவ்வூர்களின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது. அண்மைக் காலத்தில் இச்சட்டத்தை மாற்றியமைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல மாநிலங்களிலிருந்து எழுந்துள்ளது. ஆகவே, இச்சட்டம் உருவான விதத்தையும், அதன் இன்றைய நிலையையும், மாற்றம் எங்கே தேவைப்படுகிறது என்பதையும் மாணவர்களும் அலுவலர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

இரண்டு கேள்விகள்

காட்டைப் பற்றிய சட்டங்கள் அனைத்தும் அடிப்படையில் இரண்டு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன. காட்டினுள் யார் நுழையலாம் என்பது முதற் கேள்வி. அங்கு வாழும் விலங்கை யார் கொல்லலாம் என்பது இரண்டாம் கேள்வி. முதலாவதை நுழைவுரிமை எனவும் இரண்டாவதை வேட்டையுரிமை எனவும் கொள்வோம்.

இவ்விரண்டும் வெவ்வேறானவை. சுள்ளி பொறுக்கச் செல்லும் பெண்ணும், மாட்டை ஓட்டிச் செல்லும் சிறுவனும், புளியும் சீயக்காயும் தேனும் சேகரிக்கும் குடும்பமும் நுழைவுரிமையை நாடுகின்றனர். கண்ணி வைப்பவர் வேட்டையுரிமையை எடுத்துக்கொள்கிறார். நம் நாட்டில் நீண்ட காலமாகச் சட்டமும் நிர்வாகமும் இவ்விரு கேள்விகளையும் ஒரே பூட்டினால் பூட்டி வைத்துள்ளன. காட்டோர மக்களுக்கும் வனத்துறைக்கும் இடையே நிலவும் பிணக்குகளில் பெரும்பகுதி இதனால் விளைந்தது எனலாம்.

உரிமை சலுகையான வரலாறு

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் இப்பகுதியில் கார்வேட்டிநகரம், காளாஸ்திரி ஆகிய ஜமீன்கள் விளங்கின. ஜமீன் காடுகள் ஒருபுறமும் அரசுக் காடுகள் மறுபுறமும் இருந்தன. அரசுக் காடுகளைப் பொறுத்தவரை 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அடிப்படை மாற்றத்தைக் கொண்டு வந்தது. காப்புக் காடு என அறிவிக்கப்பட்ட பரப்பில் நுழைதல், கால்நடை மேய்த்தல், விறகு வெட்டுதல், வேட்டையாடுதல் ஆகியவை அனுமதியின்றிச் செய்யத்தகாத செயல்களாயின. அதுவரை வழக்கத்தால் துய்த்து வந்தவை உரிமை நிலையிலிருந்து சலுகை நிலைக்கு இறங்கின. சலுகை என்பது கொடுத்தவரால் திரும்பப் பெறத்தக்கது.

விலங்குகளைக் காக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் முன்னதாகவே தோன்றியது. 1873-ஆம் ஆண்டில் காட்டு யானைகளைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1879-இல் யானைகள் பாதுகாப்புச் சட்டமும், 1912-இல் வனப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இந்திய அளவில் வந்தன. எனினும் உரிமம் பெற்ற துப்பாக்கி வேட்டை தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. துரைமார்களும் ஜமீன்தார்களும் ஆடியது விளையாட்டு வேட்டை என மதிக்கப்பட்டது. குடியானவரும் பழங்குடியினரும் வலையும் கண்ணியும் கொண்டு பிடித்தது குற்றமாகக் கருதப்பட்டது.

நுழைவுரிமை இழப்பு மக்களிடையே எதிர்ப்பையும் எழுப்பியது. 1921-22-இல் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டில் மேய்ச்சல் கட்டணத்தை மறுத்து நடைபெற்ற சத்தியாக்கிரகம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியே ஜமீன் காடுகளும் அரசின் வசமாயின. 1967-இல் ஆந்திரப் பிரதேச வனச் சட்டம் இயற்றப்பட்டபோதும் காப்புக் காட்டின் அடிப்படை விதி மாறவில்லை: அனுமதிக்கப்படாத யாவும் தடை செய்யப்பட்டவை.

1972-ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தங்களும்

வனவிலங்குகள் முதலில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்த பொருளாக இருந்தன. அரசியலமைப்பின் 252-ஆம் விதியின்படி, மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன் பேரில், 1972-இல் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அவ்வாறு தீர்மானம் நிறைவேற்றியதாகச் சட்டத்தின் முகவுரையில் குறிப்பிடப்பட்டுள்ள 11 மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. பின்னர், 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் காடுகளும் வனவிலங்குப் பாதுகாப்பும் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. சுற்றுச்சூழலையும் காட்டுயிர்களையும் காத்தல் அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டதும் அத்திருத்தத்தினாலேயே ஆகும்.

1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையை முற்றிலும் ஒழித்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். முதலாம் அட்டவணை விலங்குகளுக்கு மட்டுமே அது முழுப் பாதுகாப்பு அளித்தது. பிற விலங்குகளைப் பொறுத்தவரை பெரு வேட்டை, சிறு வேட்டை, பிடிப்பு எனப் பல வகை உரிமங்களுக்கு அதில் இடமிருந்தது. 1991-ஆம் ஆண்டின் திருத்தமே உரிம முறையை நீக்கி, முதல் நான்கு அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்தது. 2022-ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறாக இருந்த அட்டவணைகள் அதனால் நான்காகக் குறைந்தன. தொல்லை விலங்குகளுக்கென இருந்த தனி அட்டவணை நீக்கப்பட்டது. காட்டுப் பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் உள்ளது.

‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. கொல்லுதல் மட்டுமன்றி, நஞ்சு வைத்தல், கண்ணி வைத்தல், பொறியில் பிடித்தல், இரை வைத்து ஈர்த்தல், முட்டையையும் கூட்டையும் சிதைத்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய யாவும் வேட்டையே. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இயலும்.

விதிவிலக்குகளையும் நோக்க வேண்டும். 11-ஆம் பிரிவின்படி, முதலாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாகிவிட்டாலோ, குணப்படுத்த இயலாத நிலையில் இருந்தாலோ, தலைமை வனவிலங்குக் காப்பாளர் அதனைக் கொல்ல அனுமதிக்கலாம். இரண்டாம் அட்டவணை விலங்கு, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கு ஊறு செய்தாலும் அனுமதி வழங்கலாம். இதனை அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரும் செய்யலாம். 62-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதிக்கும் குறிப்பிட்ட காலத்திற்கும் இரண்டாம் அட்டவணை விலங்கைத் தொல்லை விலங்கென அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. 2015-இல் பீகாரிலும் 2016-இல் உத்தரகாண்டிலும் காட்டுப் பன்றி இவ்வாறு சில மாவட்டங்களில் அறிவிக்கப்பட்டதுண்டு.

தற்காப்பைப் பற்றிய விதி நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. தன்னையோ பிறரையோ காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது. ஆனால், அவ்வேளையில் அவர் இச்சட்டத்தின் வேறு விதியை மீறிக்கொண்டிருந்தால் இப்பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. சரணாலயத்தினுள் அனுமதியின்றி விறகு பொறுக்கச் சென்றவரைக் கரடி தாக்குகிறது எனக் கொள்வோம். ஊர்ச் சாலையில் நின்று தாக்கப்பட்டவருக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கு இல்லை. நுழைவுரிமை தெளிவுபடாதவரை உயிர்காப்பு உரிமையும் ஊசலாடும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இரண்டையும் பிரித்துக் கண்ட சட்டம்

2006-ஆம் ஆண்டின் வன உரிமைகள் அங்கீகாரச் சட்டம் இந்நிலையில் ஒரு திருப்பமாகும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வனத்தில் வாழ்ந்தோ அதனைச் சார்ந்தோ வரும் பழங்குடியினருக்கும், மூன்று தலைமுறைகளாக, அதாவது 75 ஆண்டுகளாக, அவ்வாறு வாழ்ந்து வரும் பிறருக்கும் அது உரிமைகளை ஏற்கிறது. சிறு வன விளைபொருள்களைச் சேகரித்து விற்றல், மேய்ச்சல், நீர்நிலைகளில் மீன் பிடித்தல், பொது வனத்தைப் பாதுகாத்து மேலாண்மை செய்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் இச்சட்டத்தின் ‘வன நிலம்’ என்ற பொருளுக்குள் வருகின்றன. உரிமைக் கோரிக்கையைப் பெற்று ஆய்வு செய்யும் முதற் பொறுப்பு கிராம சபைக்கு அளிக்கப்பட்டுள்ளது.

அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவில் சிறியதாயினும் முக்கியமானதொரு வாசகம் உள்ளது. வழக்கமாகத் துய்த்து வந்த பிற மரபுரிமைகளையும் ஏற்கும் அப்பிரிவு, வேட்டையாடும் உரிமையையும் பொறி வைக்கும் உரிமையையும் விலங்கின் உடற்பகுதியை எடுக்கும் உரிமையையும் அவற்றிலிருந்து விலக்கி வைக்கிறது. காட்டினுள் செல், பயன் கொள், காத்துக்கொள். விலங்கைக் கொல்லாதே என்பதே அதன் கருத்து. நூறாண்டுக்கும் மேலாக ஒன்றாய்ப் பூட்டப்பட்டிருந்த இரு கேள்விகளையும் நாடாளுமன்றமே தனித்தனியே பிரித்து விடை கூறிவிட்டது. நிர்வாக நடைமுறை மட்டும் இன்னும் பழைய பூட்டையே பல இடங்களில் பயன்படுத்தி வருகிறது.

மூங்கில் காட்டும் வழி

வெதுருகுப்பத்தின் பெயரில் உள்ள மூங்கிலே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். தாவரவியலில் மூங்கில் புல்லினத்தைச் சார்ந்தது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ அதனை மரம் என வரையறுத்தது. கூடை முடையும் எருகுலரும் மேதரும் பயன்படுத்தும் மூங்கில், சட்டத்தின் கண்ணில் தேக்குக்கும் தோதகத்திக்கும் இணையானதாக விளங்கியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளாகச் சேர்த்தது. 2017 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமும், அதன் இடத்தில் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டமும் மரம் என்ற வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கின. வனத்திற்கு வெளியே தன் நிலத்தில் மூங்கில் வளர்ப்பவர் அதனை வெட்டவும் எடுத்துச் செல்லவும் இருந்த தடை இதனால் தளர்ந்தது.

இம்மாற்றத்தால் காடு அழியவில்லை. ஒரு சொல்லின் வரையறையைத் திருத்தியதனால், முடைபவரின் பிழைப்பு குற்ற நிலையிலிருந்து தொழில் நிலைக்கு உயர வழி பிறந்தது. நுழைவுரிமை குறித்த சீர்திருத்தம் எத்துணை எளிதாக அமையக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

பிற நாடுகளும் இவ்விரு கேள்விகளைப் பிரித்தே அணுகியுள்ளன. இங்கிலாந்தில் நிலப்பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த மேட்டு நிலங்களில் நடந்து செல்லும் உரிமை கோரி, 1932-இல் கிண்டர் ஸ்கௌட் என்னும் மலையில் தொழிலாளர்கள் திரளாக நுழைந்தனர். 1949-இல் தேசியப் பூங்காக்கள் குறித்த சட்டமும், 2000-இல் நாட்டுப்புற நுழைவுரிமைச் சட்டமும் இக்கோரிக்கைக்குப் படிப்படியாக இடமளித்தன. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் இன்னும் பரந்த நுழைவுரிமையை அனைவருக்கும் வழங்கியது; ஆயினும் வேட்டையும் சுடுதலும் மீன்பிடியும் அவ்வுரிமையில் அடங்கா என வெளிப்படையாகவே கூறிற்று. சுவீடனில் எவரும் எவருடைய காட்டிலும் நடக்கவும் காட்டுப் பழங்களைப் பறிக்கவும் மரபுரிமை உண்டு. வேட்டை அவ்வுரிமையைச் சேராது.

அந்நாடுகளில் நுழைவுரிமை பெரும்பாலும் பொழுதுபோக்கைச் சார்ந்தது. இங்கு அது விறகையும் தீவனத்தையும் கூலியையும் சார்ந்தது. தேவை பெரிதாயிருக்கும் நாட்டில் உரிமை தெளிவாயிருத்தல் மேலும் அவசியமன்றோ?

கடலை வயலின் கணக்கு

இனி, வேட்டைத் தடையினால் விளையும் பொருளாதாரச் சுமையை நோக்குவோம். வனவிலங்குப் பாதுகாப்பு பொதுநலப் பொருளாகும். அதன் பயன் நாடு முழுவதற்கும் உரியது. எதிர்காலத் தலைமுறைக்கும் உரியது. அதன் செலவு மட்டும் காட்டை ஒட்டிய வயல்களின் மேல் விழுகிறது. பயன் பரந்தும் செலவு குவிந்தும் உள்ள இந்நிலையைச் சட்டம் தானாகச் சரி செய்யாது.

காட்டுப் பன்றி ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகளை ஈனும் விலங்கு. நிலக்கடலை அதற்கு விருப்பமான உணவு. ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் பரவியுள்ள சீமைக்கருவேலம் அதற்குப் பகலில் மறைவிடமாகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் யானைகளும் இதனுடன் சேர்ந்துள்ளன. அங்கு நெடுங்காலமாக யானைகள் காணப்படாதிருந்து, 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகப் பகுதிகளிலிருந்து அவை வந்து சேர்ந்தன. 1990-இல் கவுண்டின்யா சரணாலயம் அமைக்கப்பட்டது. 2025-இல் கர்நாடக அரசு ஆந்திரத்திற்குக் கும்கி யானைகளை அளித்ததும் இத்தொல்லையைக் கட்டுப்படுத்தும் நோக்குடனேயே ஆகும்.

ஓர் உழவரின் நிலையைக் கணக்கிற்காகக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரே இரவில் அவருக்கு ரூ.6,000 பெறுமான கடலை சேதமாகிறது. அலுவலர் மதிப்பீட்டில் ரூ.3,000 ஈட்டுத்தொகைக்கு அவர் தகுதி பெறுகிறார். அத்தொகை கைக்கு வரும் வாய்ப்பு பாதி எனக் கொண்டால், அவர் எதிர்பார்க்கத்தக்கது ரூ.1,500. மனு, ஆய்வு, தொகை பெறுதல் ஆகியவற்றுக்காக மூன்று நாள் அலைந்தால், நாளொன்றுக்கு ரூ.500 வீதம் அவர் இழக்கும் கூலியும் ரூ.1,500. நிகர ஆதாயம் ஏதுமில்லை. எனவே அவர் மனுச் செய்வதில்லை. அடுத்த இரவு வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, மின்கம்பத்திலிருந்து நேரடியாக இணைப்புக் கொடுக்கத் துணிகிறார்.

இப்போது ஈட்டுத்தொகையை ஒரு ரூபாயும் உயர்த்தாமல், ஒரே நாளில் முடியும் நடைமுறையும் தவறாது கிடைக்கும் உறுதியும் ஏற்படுத்தினால் என்னவாகும்? ரூ.3,000-இல் ஒரு நாள் கூலி ரூ.500 போக, ரூ.2,500 அவருக்கு மிஞ்சும். தொகையின் அளவைவிட அதன் உறுதியும் விரைவுமே மனிதரின் முடிவை மாற்றுகின்றன என்பது இக்கணக்கின் பாடம்.

நேரடி மின்கம்பி பன்றியை மட்டும் கொல்வதில்லை. யானை, மாடு, இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் பக்கத்து வயற்காரர் ஆகிய எவரையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. உணவினுள் மறைத்து வைக்கப்படும் நாட்டு வெடியும் அத்தகையதே. மேய வந்த பசுவின் தாடை சிதைந்த நிகழ்ச்சிகள் காட்டோரப் பகுதிகளுக்குப் புதியன அல்ல. சூரிய மின்வேலியோ ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய அதிர்வாக மின்சாரத்தைச் செலுத்துவதால் விலங்கை அச்சுறுத்தி விலக்குகிறது, உயிரைப் போக்குவதில்லை.

அரசுகள் மேற்கொண்ட மாற்றங்கள்

சட்டத்தை மாற்றும் முயற்சிகள் இப்போது மூன்று வழிகளில் நடைபெறுகின்றன. கொல்லும் அதிகாரத்தைக் கீழ்நிலைக்குக் கொண்டு செல்வது முதல் வழி. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் காட்டுப் பன்றி குறித்த அதிகாரத்தை அளித்தது. 2025 அக்டோபரில் அம்மாநிலச் சட்டப் பேரவை மத்தியச் சட்டத்தையே தன் மாநிலத்தளவில் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டாம் அட்டவணை விலங்கைத் தொல்லை விலங்கென அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் மத்தியச் சட்டத்துக்கு மாறாக அமையும் மாநிலச் சட்டம் செல்லுபடியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தூரத்தை அளவுகோலாகக் கொள்வது இரண்டாம் வழி. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறையில், காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப் பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டிலுள்ள பன்றி காட்டின் உயிர்ச் சங்கிலியைச் சேர்ந்தது. ஊர்ப்புறத்தில் நிலைத்துவிட்ட பன்றி வேறு சிக்கல் என்ற பகுத்தறிவு இதில் உள்ளது.

இழப்பை ஈடு செய்வது மூன்றாம் வழி. வனவிலங்கால் உயிரிழப்பு நேர்ந்தால் வழங்கும் தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் ரூ.5 இலட்சத்திலிருந்து ரூ.10 இலட்சமாக உயர்த்தியது. வனவிலங்கால் ஏற்படும் பயிர்ச் சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரிப் பருவம் முதல் சேர்ப்பதென 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் புகைப்படத்துடன் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கைப்பேசி இல்லாத குத்தகை உழவருக்கு அந்த 72 மணி நேரத்தில் யார் துணை நிற்பார் என்பதே இத்திட்டத்தின் வெற்றியைத் தீர்மானிக்கும்.

மூன்று வழிகளுள் முதலாவதற்கே அரசியல் கவர்ச்சி மிகுதி. எனினும் பரவலாகக் கொல்லும் அனுமதியில் இடர்கள் உள்ளன. காட்டுப் பன்றி சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரையாகும் விலங்கு. காட்டில் இரை குறைந்தால் சிறுத்தை ஊர் ஆட்டைத் தேடி வரும். மேலும், இறைச்சிக்குச் சந்தை உள்ள இடத்தில் தொல்லை நீக்கமும் வாணிபமும் எளிதில் கலந்துவிடும். எண்ணிக்கையும் காலமும் இடமும் வரையறுக்கப்பட்டு, குறித்த வயலைச் சேதப்படுத்தும் விலங்கின் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்கே 11-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதனை விரைவாகப் பயன்படுத்தினாலே பெரும்பாலான குறை தீரும்.

வேட்டையறிவும் ஒரு செல்வம்

வேட்டைத் தடையால் தொழில் இழந்தோரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும். சித்தூர், நெல்லூர் பகுதிகளில் வாழும் ஏனாதியரும், தமிழ்நாட்டின் வடபகுதியில் வாழும் இருளரும் விலங்கு, பறவை, மூலிகை ஆகியவை பற்றித் தலைமுறையாய்ச் சேர்த்த அறிவை உடையவர்கள். அவ்வறிவுக்கு வேறொரு வேலை காட்டப்பட்டபோது விளைந்த பயன் வியக்கத்தக்கது.

பாம்புத் தோல் வாணிபத்தால் பிழைத்து வந்த இருளர், அவ்வாணிபம் 1970-களில் தடைப்பட்டதும் வாழ்விழந்தனர். 1978-இல் சென்னையை அடுத்த பகுதியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடும் முறையை அது கையாண்டது. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. உயிர்காக்கும் மருந்துக்காக நஞ்சு சேகரிப்பதற்கு வனவிலங்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழி செய்துள்ளது. 2023-இல் இருளர் பாம்பு பிடிப்போர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரே திறன்; சட்டத்தின் ஒரு பிரிவு அதனைக் குற்றமென்கிறது, மற்றொரு பிரிவு அதற்கு மதிப்பளிக்கிறது.

கடப்பை மாவட்டத்திலும் இத்தகைய சான்று உண்டு. 1900-க்குப் பின் எவரும் காணாததால் அழிந்துவிட்டதெனக் கருதப்பட்ட ஜெர்டான் கூரியர் என்னும் பறவை, 1986-இல் அங்கு மீண்டும் கண்டறியப்பட்டது. அறிஞர்களின் தேடலுக்கு விடை தந்தவர் இரவில் அதனைப் பிடித்துக் கொண்டுவந்த உள்ளூர்ப் பறவை பிடிப்பவரே. தெலுங்கில் ‘கலிவி கோடி’ என அவ்வூரார் அறிந்திருந்த பறவைக்காகவே பின்னர் லங்காமல்லேஸ்வரா சரணாலயம் அமைந்தது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவதாக, நுழைவுரிமையை எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். எந்தப் பாதை, எந்த ஓடை, எந்தப் பருவம், எந்த விளைபொருள் என்பதைக் கிராம சபையும் வனத்துறையும் கூடி முடிவு செய்து, அதனை ஊர்ப் பொதுவிடத்தில் மக்கள் மொழியில் எழுதி வைக்க வேண்டும். சித்தூர் மாவட்டத்தில் தமிழ் வழங்கும் ஊர்களில் தெலுங்குடன் தமிழிலும் எழுதுதல் தகும்.

இரண்டாவதாக, வேட்டைத் தடை தளர்த்தப்படாமல் தொடர வேண்டும்; 11-ஆம் பிரிவின் கீழான அனுமதி மட்டும் குறித்த நாட்களுக்குள் முடிவு செய்யப்பட வேண்டும். மறுப்பதாயினும் காரணத்துடன் எழுத்தில் மறுத்தல் முறையாகும்.

மூன்றாவதாக, ஈட்டுத்தொகை விண்ணப்பத்தை வேளாண், வருவாய், வனத் துறைகள் ஒரே ஆய்வில் முடித்தல் வேண்டும். உழவர் மூன்று அலுவலகங்களுக்கு அலையும் செலவும் நாட்டின் வனப் பாதுகாப்புச் செலவில் சேர்ந்ததே.

நான்காவதாக, நேரடி மின்கம்பிக்குத் தண்டனை விதிக்கும் முன்னரே சூரிய மின்வேலிக்கு மான்யமும் கூட்டுப் பராமரிப்பும் கிடைக்கச் செய்ய வேண்டும். தனி வயலுக்கு வேலியிட்டால் விலங்கு அடுத்த வயலுக்குச் செல்லும். ஆதலின் வேலி ஊரளவில் அமைய வேண்டும்.

ஐந்தாவதாக, வனக் காவலர், தடம் காண்போர், மீட்புக் குழுவினர் ஆகிய பணிகளில் மரபு வேட்டைச் சமூகத்தினருக்கு முன்னுரிமை தர வேண்டும்.

ஆறாவதாக, மாநில எல்லைப் பகுதிகளுக்குப் பொது நடைமுறை தேவை. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தபோது வரையப்பட்ட எல்லையை மனிதர் மதிக்கின்றனர். அதன் ஒருபுறம் 3 கிலோமீட்டர் விதியும் மறுபுறம் வேறு விதியும் இருக்குமாயின், இருபுறமும் மேயும் விலங்கைப் பற்றிய எந்த விதியும் பயன் தராது.

முடிவுரை

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, வனத்தை ஒட்டி வாழும் மக்களின் எரிபொருள், தீவனம், சிறு விளைபொருள் ஆகிய தேவைகளே வன விளைபொருள்களின் மீது முதல் உரிமை பெற வேண்டும் எனக் கூறியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உரிமையாக்கியது. வேட்டைத் தடை 1972-லும் 1991-லும் வலுப்பெற்றது. இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டியவை. காட்டினுள் முறையாகச் செல்ல வழியுள்ளவர் அங்கு நடப்பதைக் காண்பார். கண்ணி வைத்தவரையும் அறிவார். வழி மறுக்கப்பட்டவர் கண்டும் கூறமாட்டார். கூறினால் அங்கு ஏன் சென்றாய் என்ற கேள்விக்கு அவரே முதலில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

சில ஆயிரம் வனக் காவலர்களால் காக்க இயலாததைக் காட்டோரத்து மக்கள் காக்க இயலும். அதற்கு அவர்கள் கேட்கும் விலை பெரிதன்று: நடக்க ஒரு பாதை, இழந்த கடலைக்கு உரிய ஈடு, மனுவுக்குக் காலத்தில் ஒரு பதில். சட்டத்தைத் திருத்தும் பேரவைகளும் அதனை நடைமுறைப்படுத்தும் அலுவலகங்களும் இம்மூன்றையும் உறுதி செய்யுமாயின், வேட்டைத் தடையை மக்கள் தம் சட்டமாகவே ஏற்பர்.